கடல் கடந்தும் காத்த விரதம்

பழனியிலிருந்து கொழுமம் செல்லும் சாலையை ஒட்டி ஐவர்மலை என்னும் குன்று நிற்கிறது. பழங்காலத்தில் திருவயிரை என்று வழங்கிய இக்குன்றின் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792-இல், அதாவது கி.பி. 870-இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்றும் அங்கே உள்ளது. பாண்டியர் வரலாற்றின் காலத்தைக் கணிக்க ஆராய்ச்சியாளர்களுக்குப் பெருந்துணையாய் நின்றது இக்கல்வெட்டே ஆகும். குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், அங்கிருந்த பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, நாள்தோறும் அமுதுபடி முட்டாமல் நடப்பதற்கும், துறவி ஒருவருக்குச் சோறு அளிப்பதற்கும் 505 காணம் பொன் அமைத்த செய்தியை அது தெரிவிக்கிறது.

திருப்பணி செய்வித்தவர் துறவி ஒருவரின் அன்றாட உணவையும் மறவாமல் நினைத்தார் என்பது நம் கருத்தைக் கவர்கிறது. கொல்லா விரதம் பூண்டவர் எங்குச் சென்றாலும் அவருக்குத் தூய உணவு கிடைக்க வேண்டும். அதைக் கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடமை. இவ்வுண்மையை நம் முன்னோர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பொன் வைத்து நிலைநாட்டினர்.

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் நம் குடும்பத்தார் சிலருடன் ஐவர்மலையைத் தரிசித்துவிட்டு, பழனியிலிருந்து மலைப்பாதை வழியாகக் கொடைக்கானலுக்குச் சென்றோம். கட்டுச்சோறும் பொரிவிளங்காய் உருண்டையும் கையில் இருந்தமையால் முதல் நாள் குறையின்றிக் கழிந்தது. மறுநாள் ஏரிக்கரையை அடுத்த கடையொன்றில் பிள்ளைகளுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தபின், அதில் முட்டை கலந்திருப்பது தெரியவந்தது. கேட்காமல் வாங்கியது நம் பிழையே. பெரியவர்கள் மனம் வருந்தினர். அப்போது, பணி நிமித்தம் தொலைதூர நகரம் ஒன்றுக்குச் செல்லவிருந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். இத்தனை பேர் சூழ இருக்கும்போதே இவ்வாறு நேருமானால், தன்னந்தனியே அயலூரில் இவ்விரதத்தைக் காப்பது இயலுமா என்று கேட்டார். பிறப்பால் வந்த ஒரு வழக்கத்திற்காக நண்பர் கூட்டத்தில் தனித்து நிற்பது தேவைதானா என்ற கேள்வியும் அதனுள் மறைந்திருந்தது.

அவருக்கு நாம் உடனே விடை கூறவில்லை. விடையாக அமையத்தக்க வாழ்க்கை ஒன்று உண்டு. அதையே இங்கு எழுதுகிறோம். அது காந்தியடிகளின் வாழ்க்கை. அவர் பிறப்பால் சமணர் அல்லர்; வைணவக் குடும்பத்தில் தோன்றியவர். எனினும் நம் சமயத்தின் நறுமணம் அவர் வாழ்வில் தொடக்கமுதல் கமழ்ந்தது.

இளமையும் மூன்று உறுதிகளும்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2-இல் போர்பந்தரில் பிறந்தார். தாயார் புத்லிபாய் நோன்புகளில் தளராதவர். தந்தையாரைக் காண சமணத் துறவியர் அடிக்கடி வருவர். பிற சமயத்தார் இல்லமாயினும் அங்கு உணவு ஏற்பதும் உண்டு. குஜராத்தில் சமணமும் வைணவமும் புலால் மறுப்பில் ஒன்றுபட்டு நின்ற காலம் அது.

அத்தகைய வீட்டில் வளர்ந்தவரும் இளமையில் வழுவினார். ஆங்கிலேயர் வலிமைக்குப் புலாலே காரணம் என்று தோழன் ஒருவன் சொன்னதை நம்பி, ஆற்றங்கரையில் மறைவாக ஆட்டிறைச்சி உண்டார். அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. உயிருள்ள ஆடு தம் வயிற்றுக்குள் கதறுவதுபோல் உணர்ந்தார். பின்னும் ஓராண்டுக்குள் ஐந்தாறு முறை அவ்விருந்து நடந்தது. இறுதியில், பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்வதைப் பொறாமலே அதைக் கைவிட்டார். அப்போது அவரைத் தடுத்தது வாய்மையே. உயிரிரக்கம் பின்னர்தான் முழுமையாக மலர்ந்தது. பிள்ளைகள் ஒருமுறை தவறினால் எல்லாம் அழிந்தது என்று கலங்கும் பெற்றோர் இதை நினைவில் கொள்ளல் நலம்.

1888-இல் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல முடிவாயிற்று. அங்குச் செல்வோர் ஊனும் மதுவுமின்றி வாழ இயலாது என்று கேள்வியுற்ற அன்னையார் அஞ்சினார். அவ்வச்சத்தைப் போக்கியவர் பேச்சர்ஜி சுவாமி. மோத் வணிகர் குலத்தில் பிறந்து சமணத் துறவு பூண்டவர் அவர். மதுவையும் மாதரையும் மாமிசத்தையும் தீண்டுவதில்லை என்னும் மூன்று உறுதிகளை அவர் முன்னிலையில் காந்தி ஏற்ற பின்னரே அன்னையார் விடை கொடுத்தார். சமணத் துறவி ஒருவர் செய்வித்த அவ்வுறுதியே பின்னாளில் உலகம் போற்றிய ஒரு வாழ்வின் அடிக்கல்லாயிற்று.

பட்டினியும் புகலிடமும்

1888 செப்டம்பர் 4-இல் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. எப்பண்டத்தில் ஊன் கலந்துள்ளது என்று பரிமாறுவோரிடம் ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்ட இளைஞர், தம் அறையிலேயே அடைந்து, கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் உண்டு காலம் கழித்தார். கடல் கடந்து குளிர் கூடியதும் புலால் இன்றியமையாததாகிவிடும் என்று உடன் வந்தவர்கள் எச்சரித்தனர். அவர் இசையவில்லை.

இலண்டன் வாழ்வின் முதல் மாதங்கள் பட்டினியாகவே கழிந்தன. உப்புச் சுவையற்ற வேகவைத்த காய்களும், சில துண்டு ரொட்டியுமே கிடைத்தன. மேலும் கேட்க நாணம் தடுத்தது. காலையில் கிடைத்த ஓட்ஸ் கஞ்சி ஒன்றே ஓரளவு வயிற்றை நிரப்பிற்று. நண்பர் ஒருவர் நாள்தோறும் வாதிட்டார்; எழுத்தறியாத தாயிடம், அயல்நாட்டு நிலைமை அறியாமல் கொடுத்த வாக்குக்கு மதிப்பில்லை என்றார். வாதத்தில் வெல்லக் காந்திக்கு அன்று ஆற்றலில்லை. கொடுத்த சொல்லை மீறுவதில்லை என்பது மட்டுமே அவரிடமிருந்த விடை.

அதே நண்பர் ஒருநாள் ஹோல்பார்ன் உணவகத்துக்கு அழைத்துச் சென்றார். பெருங்கூட்டம் நிறைந்த அவ்விடத்தில், முதலில் வந்த சூப்பில் ஊன் உண்டா என்று பரிமாறுபவரை அழைத்துக் கேட்க முற்பட்டார் காந்தி. நாகரிகமறியாத செயல் என்று நண்பர் சினந்து, வெளியே சென்று வேறெங்கேனும் உண்டு வருமாறு கூறிவிட்டார். அருகிலிருந்த மரக்கறி உணவகம் அன்று மூடிக்கிடந்தது. அவ்விரவைப் பசியோடு கழித்தார். நண்பரிடம் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை.

நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறி உணவகம் தேடியவர், ஒருநாள் பாரிங்டன் தெருவில் அதைக் கண்டார். உள்ளே செல்லுமுன் கண்ணாடிக்குப் பின்னே விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அன்றுதான். நூலை முழுவதும் படித்தார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக ஊனை விலக்கியவர், அன்றுமுதல் தம் அறிவும் மனமும் ஒப்பியே அதை விலக்கினார். பிறப்பால் வந்த வழக்கம் கொள்கையாக மாறிய நாள் அது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அவருக்கு முதலில் வாய்த்தது வைராக்கியம். பிறகு வாய்த்தது ஓர் உணவகம். அதன்பின் ஒரு நூல். வைராக்கியம் மட்டும் இருந்திருந்தால் அவர் மெலிந்தே வாழ்ந்திருப்பார். உணவகத்தைத் தொடங்கிய யாரோ சிலர்தாம் அவருக்குப் புகலிடம் அமைத்தவர்கள்.

முட்டை பற்றிய தெளிவு

நம் கொடைக்கானல் பயணத்தில் எழுந்த சிக்கல் காந்திக்கும் எழுந்தது. இங்கிலாந்து மரக்கறியினரிடையே ஊன் என்பதற்கு மூவகை விளக்கங்கள் வழங்கின. ஒரு சாரார் பறவை, விலங்குகளின் தசை மட்டுமே ஊன் என்று மீனையும் முட்டையையும் ஏற்றனர். மற்றொரு சாரார் எல்லா உயிர்களின் தசையையும் விலக்கி முட்டையை ஏற்றனர். மூன்றாம் சாரார் முட்டை, பால் இரண்டையும் விலக்கினர். முட்டையில் உயிர்க்கொலை இல்லை என்ற வாதத்தில் மயங்கிச் சின்னாள் முட்டையும் உண்ட காந்தி, விரைவில் தெளிவு பெற்றார். உறுதியைக் கேட்டுப் பெற்றவர் அன்னையார்; ஆகவே அவர் கொண்ட பொருளே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று துணிந்தார். அதன்பின் மரக்கறி உணவகங்களிலும் ஒவ்வொரு பண்டத்தையும் கேட்டறிந்தே உண்டார். கேக்கும் புட்டிங்கும் பெரும்பாலும் விலக்க வேண்டியவையாயின. சுவை குறைந்தது, எனினும் மனநிறைவு மிகுந்தது என்பதே அவர் அனுபவம்.

சங்கமும் நட்பும்

கொள்கை பிறந்ததும் அவர் தனித்திருக்கவில்லை. 1890-இல் இலண்டன் மரக்கறியினர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினரானார். சங்கத்தின் இதழாசிரியர் ஜோசயா ஓல்டுபீல்டுடன் நட்புப் பூண்டார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு மரக்கறிக் கழகத்தையும் தொடங்கினார். ஓல்டுபீல்டு தலைவர், புத்தர் வரலாற்றைக் காவியமாக்கிய சர் எட்வின் ஆர்னால்டு துணைத்தலைவர், இருபது வயதைச் சற்றே கடந்த காந்தி செயலாளர். சில திங்களே அது நடந்தது. ஆயினும் பொதுநிறுவனம் ஒன்றை அமைத்து நடத்தும் பயிற்சி அவருக்கு அங்குதான் தொடங்கிற்று. சங்கத்தின் இதழில் இந்திய உணவு முறைகளைப் பற்றியும் விழாக்களைப் பற்றியும் 1891-இல் எழுதினார். பாரிஸ் நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியைக் காணச் சென்றபோதும், மரக்கறி உணவகம் உள்ள இடத்தை முன்பே விசாரித்து அங்கேயே தங்கினார். வழிப்பயணம் செய்யும் நமக்கு இது ஒரு பாடம்.

செயற்குழுவில் ஒரு சோதனையும் வந்தது. டாக்டர் அல்லின்சன் என்பாரின் கருத்துகள் ஒழுக்கத்துக்கு மாறானவை என்று கருதி, அவரைச் சங்கத்திலிருந்து நீக்கத் தலைவர் ஹில்ஸ் முற்பட்டார். கருத்தளவில் காந்தி ஹில்ஸ் பக்கமே நின்றார். ஆயினும் கொல்லாமையை ஏற்பவர் எவரும் சங்கத்தில் இடம்பெறலாம், வேறு கருத்துக்காக விலக்குதல் முறையன்று என்று அல்லின்சனுக்காக எழுதினார். நாணத்தால் தாமே படிக்க இயலாமல் மற்றொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். அவர் பக்கம் தோற்றது. ஆனால் ஒரு நோக்கத்துக்காகக் கூடும் சங்கம் எவ்வளவு விரிந்த மனம் கொண்டிருக்க வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

1891 ஜூனில் தாயகம் திரும்புமுன் மரக்கறி நண்பர்களுக்கு ஒரு விருந்தளித்தார். அதற்கு அவர் தேர்ந்தது, முன்பு தாம் பசியோடு வெளியேறிய அதே ஹோல்பார்ன் உணவகம். ஊன் சமைக்கும் இடத்திலும் தூய மரக்கறி விருந்து ஏன் இயலாது என்று எண்ணினார். உணவகத்தார் மகிழ்வுடன் ஏற்பாடு செய்தனர். சினமோ பூசலோ இன்றி, உலகம் தம் வழக்கத்துக்கு இடம் கொடுக்கச் செய்த முதல் வெற்றி அது.

ராஜசந்திரர் தொடர்பு

பம்பாய் வந்திறங்கியதும் அன்னையார் காலமான செய்தி காத்திருந்தது. அந்நாளிலேயே டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்தார். காந்தியைவிட இரண்டே ஆண்டு மூத்தவர், வயிர வணிகர், நூறு செய்திகளை ஒருங்கே நினைவில் நிறுத்தும் சதாவதானி, ஆத்மசித்தி இயற்றிய ஞானி. வணிகத்தின் நடுவிலும் ஆன்ம விசாரத்தில் ஆழ்ந்திருந்த அச்சமணச் செம்மலிடம் காந்தி பெருமதிப்புக் கொண்டார். தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோது, 1894-இல் 27 வினாக்களை எழுதி அனுப்பித் தெளிவு பெற்றார். 1901-இல் தம் 33-ஆம் வயதில் ராஜசந்திரர் மறைந்தார். அவர் ஊன்றிய வித்து மறையவில்லை.

தென்னாப்பிரிக்காவில்

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தி, அங்கும் மரக்கறி அன்பர்களைத் தேடினார். ஒரு கிறித்தவக் குடும்பம் அவரை ஞாயிறுதோறும் உணவுக்கு அழைத்தது. அவ்வீட்டின் ஐந்து வயதுச் சிறுவன், தன் தட்டிலிருந்த இறைச்சியைவிட அவர் தட்டிலிருந்த ஆப்பிளே மேல் என்று அவர் கூறியதைக் கேட்டு இறைச்சியை மறுக்கத் தொடங்கினான். தாய் கவலையுற்றார். அதையறிந்த காந்தி, நட்பை முறிக்காமல் விருந்துக்குச் செல்வதை மட்டும் தாமே நிறுத்திக்கொண்டார். பிறர் இல்லத்தின் அமைதியைக் குலைக்காமல் கொள்கையைக் காப்பதும் அஹிம்சையே.

ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மரக்கறி உணவகத்தை விரிவுபடுத்த, பத்ரி என்ற கட்சிக்காரரின் ஆயிரம் பவுன் வரையிலான தொகையைக் கடனாகக் கொடுக்கச் செய்தார். அப்பணம் திரும்பவில்லை. இழப்பு முழுவதையும் தாமே ஈடு செய்தார். நல்ல நோக்கமாயினும் பிறர் பொருளில் கை வைக்கலாகாது என்பதை அத்துன்பம் அவருக்குக் கற்பித்தது.

ஆனால் அந்நகரின் மரக்கறி உணவகங்களே அவருக்கு உயிர்த் தோழர்களைத் தந்தன. ஆல்பர்ட் வெஸ்ட் அங்குதான் பழக்கமானார். 1904-இல் பிளேக் நோயாளிகளுக்குப் பணிபுரிந்த காந்தி, பிறருக்குத் தொற்று நேராதிருக்க உணவகம் செல்வதை நிறுத்தினார். அவரைக் காணாது தவித்த வெஸ்ட் வீடு தேடி வந்து தொண்டுக்குத் தம்மை ஒப்படைத்து, டர்பனில் அச்சகப் பொறுப்பை ஏற்றார். ஹென்றி போலக்கும் அவ்வாறே மரக்கறி உணவகத்தில் அறிமுகமானவர். அவர் இரயிலில் படிக்கக் கொடுத்த ரஸ்கினின் நூலே பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றக் காரணமாயிற்று. உணவு மேசையில் தொடங்கிய நட்பு வரலாற்றை மாற்றியது.

1910-இல் நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. ஆரஞ்சும் பிளம்ஸும் செழித்த அந்நிலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் வாழ்ந்தனர். அவர்களுள் தமிழர் பலர். ஊன் வேண்டுவோர்க்கு அதை மறுக்கும் உரிமை தமக்கில்லை என்று காந்தி தயங்கினார். ஆனால் அனைவரும் தாமே விரும்பி ஒரே மரக்கறி அடுக்களைக்கு இசைந்தனர். 21 மைல் தொலைவிலுள்ள நகருக்கு நடந்து செல்வோர், தவிட்டுடன் அரைத்த கோதுமை ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், ஆரஞ்சுத் தோலில் செய்த பாகு ஆகியவற்றைக் கட்டி எடுத்துச் சென்றனர். நம் பாட்டிமார்களின் கட்டுச்சோற்றுக்கு இது உறவன்றோ!

குறையும் ஏக்கமும்

அவர் வாழ்வைக் குறையற்றதாகக் காட்ட நாம் விரும்பவில்லை. மகன் மணிலால் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, மருத்துவர் கூறிய முட்டையையும் கோழிச் சாற்றையும் மறுத்து நீர்ச் சிகிச்சை செய்தார். பிள்ளை பிழைத்தான், ஆயினும் அவ்விரவுகளில் தந்தையின் உள்ளம் நடுங்கிற்று. கஸ்தூரிபாய் நோயுற்றபோது மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க மருத்துவர் வற்புறுத்தினார். அவ்வம்மையார் தாமே உறுதியாக மறுத்தார். தன் உயிரைப் பணயம் வைப்பது வேறு, மகன் உயிரைப் பணயம் வைப்பது வேறு என்று இன்றைய பெற்றோர் வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு.

பாலைப் பற்றிய சிந்தனையை அவருக்கு முதலில் ஊட்டியவர் ராஜசந்திரர். பால் புலனுணர்ச்சியைத் தூண்டும் என்று அவர் கூறியிருந்தார். பின்னர்க் கல்கத்தாவில் கறவை மாடுகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் படித்தபோது அவர் மனம் துடித்தது. 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை முற்றும் துறந்தார். 1914-இல் இலண்டனில் நோயுற்றபோது கோகலே வேண்டியும் பாலை ஏற்கவில்லை. ஆனால் 1918-இல் வயிற்றுக்கடுப்பால் மரணத்தின் விளிம்பை அடைந்தபோது, பசும்பாலையும் எருமைப்பாலையும் நினைத்தே சபதம் செய்தார், ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று கஸ்தூரிபாய் எடுத்துரைக்க, அதை ஏற்றார். சபதத்தின் எழுத்தைக் காத்து உயிரைக் கைவிட்டோம் என்ற ஏக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் பாலையும் விலக்கும் வீகன் சங்கத்தைத் தோற்றுவித்தனர். இன்று நம் இளைஞர் சிலர் அந்நெறியை நாடுகின்றனர். அவர்களை எள்ளி நகையாடாமல், காந்தியடிகளின் ஏக்கத்தை நினைந்து பொறுமையுடன் செவிசாய்த்தல் வேண்டும். தேனைப் புலாலோடும் மதுவோடும் சேர்த்து விலக்கும் நம் மூலகுணங்கள், பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேரும் தேனுக்காக அதை நாம் தவிர்க்கச் செய்கின்றன. அந்நுட்பத்தை விளங்கிக்கொண்ட நமக்கு அவர்கள் கொள்கை அந்நியமாகாது.

1915-இல் ஹரித்துவாரத்தில் அவர் மற்றொரு விரதமும் பூண்டார். ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை. இரவுண்ணாமையை இளமைமுதல் போற்றும் நம் இல்லங்களுக்கு இதன் அருமை தெரியும்.

இறுதி ஆண்டுகள்

1931 நவம்பர் 20-இல், வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றிருந்த காந்தியடிகளை இலண்டன் மரக்கறியினர் சங்கம் வரவேற்றது. கூச்சத்தால் பேச இயலாமல் அமர்ந்திருந்த இளைஞர், உலகம் செவிமடுக்கும் தலைவராக அங்கு நின்றார். அருகில் முதியவரான ஹென்றி சால்ட் அமர்ந்திருந்தார். உடல்நலம் ஒன்றையே காரணமாகக் கொண்டோர் நோய் வந்ததும் தளர்ந்துவிடுவர், அறத்தை அடித்தளமாகக் கொண்டவரே நிலைப்பர் என்பது அன்று அவர் உரையின் சாரம். உணவைப் பற்றியே ஓயாது பேசுவதும் ஒரு பிணியே என்று எச்சரிக்கவும் அவர் தவறவில்லை.

1946 தொடக்கத்தில் தென்னிந்திய இந்திப் பிரசார சபையின் வெள்ளி விழாவுக்குச் சென்னை வந்தவர், பிப்ரவரியில் மதுரைக்கும் பழனிக்கும் யாத்திரை செய்தார். தாழ்த்தப்பட்டோர்க்குக் கதவடைத்த கோயில்களில் புகுவதில்லை என்பது அவர் கொள்கை. அத்தடை நீங்கியபின்னரே அவர் அவ்வாலயங்களில் வழிபட்டார். உணவில் உயிர்களிடம் காட்டும் கருணை, மனிதரை விலக்கும் நெஞ்சில் நிலைக்காது என்பதை அச்செயல் உணர்த்திற்று. ஈராண்டு கழிந்து, 1948 ஜனவரி 30-இல் அவர் வீழ்த்தப்பட்டார்.

நாம் செய்ய வேண்டுவது

அன்று வினவிய இளைஞருக்கு இப்போது விடை கூறலாம். தனியே காப்பது இயலும். ஆனால் அது கடினம். காந்தியடிகளும் முதல் சில திங்களே தனியே காத்தார். பின்னர்த் தம்மையொத்தவரைத் தேடிச் சென்றார். இல்லாத இடத்தில் தாமே கூட்டம் அமைத்தார். கேட்டுண்ண நாணாதிருத்தல், போகுமிடத்தை முன்பே விசாரித்தல், பிறர் மேசையில் சினவாதிருத்தல், வழக்கத்தைக் கொள்கையாக உணர்தல் ஆகிய நான்கும் அவர் வாழ்வு தரும் வழித்துணை.

இன்று பொட்டல உணவில் பச்சைப் புள்ளி உண்டு. முட்டை சேர்ந்தால் அப்புள்ளி இடப்படுவதில்லை. பால் முதலியனவும் சேராத வீகன் உணவுக்கென 2022-இல் தனி விதிகளும் வந்துள்ளன. எனினும் கண்ணாடிப் பெட்டியில் திறந்து வைத்துள்ள பண்டத்துக்குப் புள்ளி ஏது? நாவைத் திறந்து கேட்பதே அங்குக் காவல்.

மூத்தோர்க்கும் ஒரு கடமை உண்டு. அயலூரில் வாழும் நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும், அவ்வூருக்குப் படிக்கவோ பணிபுரியவோ வரும் நம் பிள்ளை ஒருவரைத் திங்களுக்கு ஒருமுறையேனும் பொழுது சாயுமுன் அழைத்து உணவளிக்கலாம். சுற்றுலா செல்லும் குடும்பங்கள் தாம் கண்ட நல்ல உணவு விடுதிகளைப் பிறருக்கு அறிவிக்கலாம். கொடைக்கானல் செல்வோர் ஐவர்மலையில் இறங்கித் தரிசித்து, அங்குள்ள செய்தியைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கலாம். 505 காணம் பொன் நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஒருவருக்குச் சோறு அளிக்கும் ஆற்றல் நம் ஒவ்வோர் இல்லத்துக்கும் உண்டு.

அறம் வளர்க!